அண்ணிக்குப் பிடிக்கவில்லை

அண்ணியோடு துணிக்கடைக்குப் போனால் நான் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பேன். தேரடித் தெருவில் அந்தக் காலத்தில் இருந்த கடைகளில் பாய் விரித்து உட்கார வைத்துப் புடவை காட்டுவார்கள். கடைக்காரர் முதல் புடவையைப் பிரித்து முந்தானையை விரிப்பதற்குள் அண்ணி சொல்லிவிடுவார், "நல்லா இல்லைங்க, மடிச்சிடுங்க."

மற்ற பெண்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். "இன்னும் காட்டுங்க, இன்னும் காட்டுங்க" என்று எதிரே குவியலாகப் போட வைத்துவிட்டு, "வூட்ல கேட்டுட்டு வர்றோம்" என்று எழுந்து போவார்கள். அண்ணியின் பேச்சில் கடைக்காரருக்கு முதலில் முகம் சுருங்கும்.

"இன்னாம்மா, சரியா பாக்காமயே சொல்றீங்க?"

"பாத்துட்டுதான் சொல்றேன். பிடிக்காதத எதுக்குப் பிரிச்சிக்கிட்டே இருக்கணும்? மடிக்கிற உங்களுக்குத்தானே கை வலி."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆனால் நாலைந்து தடவை போன பிறகு, எங்களைக் கண்டதும் அந்தக் கடைக்காரர் மற்றவர்களை விட்டுவிட்டு எழுந்து வர ஆரம்பித்தார். "இந்தம்மா வந்தா வேல சீக்கிரம் முடியும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதை நானே கேட்டேன்.

அண்ணி என் அண்ணனின் மனைவி. அடி அண்ணாமலை கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர். என்னைவிட ஆறேழு வயதுதான் பெரியவர். வந்த வாரத்திலேயே என் அம்மா வைத்த குழம்பை ருசி பார்த்து, "புளி ஜாஸ்தி அத்த" என்று சொல்லிவிட்டார். அம்மா அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. ஆனால் அதே அண்ணிதான் மறுநாள் அம்மா அரைத்த துவையலைத் தொட்டு வாயில் வைத்துவிட்டு, "இந்த மாதிரி எங்கம்மாவுக்குக்கூட வராது" என்றார். அம்மாவுக்கு அதை நம்பாமல் இருக்க முடியவில்லை. முதல் நாள் புளி ஜாஸ்தி என்றவள் அல்லவா சொல்கிறாள்! கொஞ்ச நாளில், விருந்தாளி வருகிறார்கள் என்றால் அம்மாவே கரண்டியில் எடுத்து நீட்ட ஆரம்பித்தார். "எப்படி இருக்குதுன்னு சொல்லு. மத்ததுங்கள்லாம் நல்லாருக்குன்னுதான் சொல்லும்."

அந்த 'மத்ததுங்க'ளில் முதல் ஆள் நான். எனக்கு எதையும் வேண்டாம் என்று சொல்ல வராது. வேண்டும் என்று சொல்லவும் வராது. தோசையா இட்லியா என்று கேட்டால் "எதுனாலும் சரி" என்பேன்.

"எதுனாலும்னு ஒரு பலகாரம் செய்ய நான் கத்துக்கல" என்பார் அண்ணி. நான் பதில் சொல்லும்வரை அடுப்பு பற்ற வைக்க மாட்டார்.

யாரைப் பற்றியும் பின்னால் பேச மாட்டார். தெருவில் யாராவது வந்து உட்கார்ந்து இன்னொருத்தியைக் குறை சொன்னால், "அவள இங்க கூப்பிடட்டுமா, நேரா சொல்லிடுங்க" என்பார். உண்மையிலேயே கூப்பிட எழுந்தும் விடுவார். "மூஞ்சிக்கு நேரா பிடிக்கலைன்னா அது மரியாத. முதுகுக்குப் பின்னால சொன்னா பொறணி." இது அவர் அடிக்கடி சொல்வது.

எங்கள் வீடு செங்கம் ரோட்டில், மலையடிவார ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. பின்பக்கம் இருந்த அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். அண்ணன் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தார். நான் பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எழுபதுகளின் கடைசியில் ஒரு இத்தாலிக்காரப் பெண்மணி அந்த அறைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, வெள்ளைப் புடவை, வெயிலில் சிவந்துபோன மூக்கு. காலையில் ஆசிரமத்தில் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் வெறுங்காலோடு மலைப் பக்கம் நடப்பார். சாப்பாடு எங்கள் வீட்டில். அண்ணி எதைப் போட்டாலும் "நல்லா நல்லா" என்று தலையாட்டிச் சாப்பிடுவார். தட்டில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

அண்ணிக்கு அதுதான் உறுத்தியது.

"எல்லாமே நல்லாருக்குன்னு ஒருத்தி சொல்றான்னா, ஒண்ணுமே நல்லால்லைன்னு அர்த்தம்" என்றார் என்னிடம்.

ஒரு நாள் பின்பக்கம் துணி காயப்போடப் போனவர், பக்கத்து வீட்டு ஆடு வேலி ஓரம் எதையோ மென்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். வாழை இலையில் சுற்றி வைத்த பாகற்காய்ப் பொரியல். அன்று மத்தியானம் அறையில் வைத்துச் சாப்பிடுகிறேன் என்று அந்த அம்மா வாங்கிப்போனது. ஆடுகூட இலையைத்தான் தின்றதே தவிரப் பாகற்காயைத் தொடவில்லை.

அண்ணி அந்த மிச்சத்தை அப்படியே எடுத்துக்கொண்டு அறை வாசலில் போய் நின்றார். நான் பயந்துபோய்ப் பின்னாலேயே ஓடினேன். இத்தாலிக்காரம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட இங்கிலீஷில் நான்தான் இரண்டு பக்கமும் பேச வேண்டியிருந்தது. இந்தியாவில் சாப்பாட்டைப் பிடிக்கவில்லை என்று சொன்னால் வீட்டுப் பெண்களுக்குப் பெரிய அவமானம் என்று யாரோ அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்களாம்.

"யாரு அப்படிச் சொன்னது? அந்த ஆளக் கூட்டியாரச் சொல்லு" என்றார் அண்ணி. பிறகு கொஞ்சம் யோசித்து, "அவங்க பாஷைல பிடிக்கலைன்னு எப்படிச் சொல்வாங்கன்னு கேளு. அதுலயாவது சொல்லட்டும். நான் புரிஞ்சிக்கிறேன்" என்றார்.

இப்படித்தான் எங்கள் சமையலறைக்குள் இத்தாலி பாஷை வந்தது.

"மீ பியாச்சே" என்றால் எனக்குப் பிடிக்கும். "நோன் மீ பியாச்சே" என்றால் எனக்குப் பிடிக்காது. "தீ பியாச்சே?" என்றால் உனக்குப் பிடிக்குதா? அவளுக்கு என்றால் 'லே'. இதெல்லாம் அண்ணிக்கு ஒரே சாயங்காலத்தில் வந்துவிட்டது. எனக்கும்தான். அந்த அறைக்கு இதற்கு முன் வந்துபோன வெள்ளைக்காரர்கள் தமிழ் கற்றுக்கொள்ளும்போது "நான் பிடிக்கும் காபி" என்றுதான் சொல்வார்கள். எத்தனை தடவை திருத்தினாலும் அந்த 'எனக்கு' அவர்கள் வாயில் வராது. இந்த அம்மா முதல் நாளே "எனக்குப் பிடிக்கும்" என்று சரியாகச் சொன்னார். அவர்கள் பாஷையிலும் 'எனக்கு' என்றுதான் வருகிறது என்று தெரிந்ததும் அண்ணிக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தியா, நம்மள மாதிரியே பேசறாங்க. எவ்ளோ தூரத்துல இருந்துக்கிட்டு!" அன்றிலிருந்து அந்த அம்மாவைச் சொந்தக்காரி மாதிரி அதட்ட ஆரம்பித்துவிட்டார்.

சிக்கல் வந்தது காய்கறியில்தான். 'அதை' என்று சொல்ல அவர்களிடம் ஆணுக்கு 'லோ', பெண்ணுக்கு 'லா' என்று இரண்டு வார்த்தை. உயிரில்லாத சாமானுக்கும் ஆண், பெண் உண்டாம். அந்த அம்மா கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார்.

"உருளக்கெழங்கு?"

"லா."

"வெங்காயம்?"

"லா."

"உப்பு?"

"லோ."

"உப்பு ஆம்பளையா? சரி, ஜாஸ்தி ஆனாலும் கஷ்டம், கம்மி ஆனாலும் கஷ்டம், இருக்கட்டும்" என்றார் அண்ணி. "பாலு?"

"லோ."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "பால் ஆம்பளையா! இன்னா ஊரும்மா அது? மாட்ட வந்து பாக்கச் சொல்லு." கடைசிவரை பாலுக்கு மட்டும் அவர் 'லா' என்றுதான் சொன்னார். அந்த அம்மாவும் திருத்துவதை விட்டுவிட்டார்.

அண்ணி ஒருபோதும் அண்ணன் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் அப்போது எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். "அவரு வந்துட்டாரு", "அவருக்கு வெந்நீ வச்சிட்டியா", இப்படித்தான். அதைக் கேட்டுக் கேட்டு, அந்த அம்மா அண்ணன் பெயரே 'அவரு' என்று நினைத்துக்கொண்டார். ஒரு நாள் வாசலில் நின்று, "வணக்கம் மிஸ்டர் அவரு" என்று கும்பிட்டார். அண்ணனும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்து, "இன்னா சொல்லி வச்சிருக்கீங்க அந்தம்மாகிட்ட?" என்று கேட்டார். அம்மா அன்று சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. பேருக்குப் பதிலாக வருகிற இந்தச் சின்ன வார்த்தைகள்தான் தன் பாஷையில் கஷ்டமான பாடம் என்று அந்த அம்மா சொன்னதற்கு அண்ணி சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "பேருக்குப் பதிலாவா? தாலி கட்டின நாள்லேருந்து நான் வேற இன்னா பண்ணிக்கிட்டிருக்கேன்?"

அவர் அண்ணன் பெயரைச் சொல்லவில்லை. நானும் இதில் அண்ணியின் பெயரை எழுதவில்லை. அது இருவருக்கும் சரியாகப் போகட்டும்.

அந்த அம்மாவுக்குப் பதிலுக்கு அண்ணி கொடுத்த பயிற்சி ஒன்றுதான். தினமும் சாப்பாட்டில் ஏதாவது ஒன்றை வேண்டுமென்றே கெடுத்து வைப்பார். காபியில் சர்க்கரை போடாமல் கொடுப்பார், ரசத்தில் உப்பைக் குறைப்பார். அந்த அம்மா "எனக்குப் பிடிக்கல" என்று தமிழில் சொல்லும்வரை வேறு கொடுக்க மாட்டார். முதலில் வாய்க்குள்ளேயே முனகுவார். "கேக்கல" என்பார் அண்ணி. பிறகு பிறகு, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி "எனக்குப் பிடிக்கல!" என்று கத்திவிட்டு இரண்டு பேரும் சிரிப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிரிப்பேன். ஆனால் தமிழில் நான் சொன்னதில்லை. எனக்கு அது இத்தாலியில்தான் வந்தது. யாருக்கும் புரியாத பாஷையில் பேசுவது கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற மாதிரி. "நோன் மீ பியாச்சே" என்று நான் அண்ணியிடம் சொல்ல ஆரம்பித்தேன். கத்திரிக்காய்க்கு, தலைக்கு எண்ணெய் வழிய வைப்பதற்கு, பக்கத்துத் தெரு அத்தை கன்னத்தைக் கிள்ளுவதற்கு. அண்ணி கத்திரிக்காயை எடுத்துவிடுவார்.

இரண்டாவது வருஷம் அந்த அம்மா மறுபடி வந்திருந்தபோது என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

செய்யாறு பக்கத்துக் குடும்பம். பையன் வேலையில் இருந்தார், பார்க்கவும் நன்றாக இருந்தார். அண்ணனுக்கும் அம்மாவுக்கும் முன்பே மனசு ஒத்துப் போயிருந்தது. பிடித்துவிட்டால் கையோடு தட்டு மாற்றிவிடலாம் என்று பேசி வைத்திருந்தார்கள். தட்டு மாற்றிவிட்டால் பிறகு பேச்சே கிடையாது. கல்யாணம் ஆன மாதிரிதான். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் எல்லாம் வைத்து அண்ணியிடம் தட்டு தயாராக இருந்தது. இத்தாலிக்காரம்மாவும் பூ வைத்துக்கொண்டு பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

நான் காபி கொண்டுபோனேன். பையன் குடித்துவிட்டு டம்ளரை என் பக்கம் நீட்டினார். பக்கத்திலேயே ஸ்டூல் இருந்தது. வைத்திருக்கலாம். என் முகத்தைப் பார்க்காமல், தன் மாமாவோடு பேசிக்கொண்டே, நான் வந்து வாங்கும்வரை கையை அப்படியே நீட்டி வைத்திருந்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

"பொண்ணு பேசுமா?" என்று கேட்டார் பையனின் அம்மா.

"ரொம்ப அமைதிங்க" என்றார் என் அம்மா.

"பேசாம இருந்தாத்தாம்மா நல்லது" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். பையனின் அம்மா திருப்தியாக, "அதான் எங்களுக்குப் பிடிச்சிருக்கு. வாயில்லாத பொண்ணு. தட்ட எடுங்க" என்றார்.

அங்கே ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அப்போது எந்த வீட்டிலும் கேட்க மாட்டார்கள்.

அண்ணி தட்டோடு சமையலறை வாசற்படியில் வந்து நின்றார். இத்தாலிக்காரம்மா பக்கம் முகத்தைத் திருப்பி, ஏதோ காபி வேண்டுமா என்று கேட்கிற மாதிரி, சாதாரணமாகக் கேட்டார்.

"தீ பியாச்சே?"

வந்தவர்கள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். "பரவால்லையே, வெள்ளக்காரி பாஷையெல்லாம் பேசறீங்க" என்றார் ஒருவர். ஆனால் அண்ணியின் கண் என் மேல்தான் இருந்தது.

நான் குனிந்த தலை நிமிரவில்லை. மெதுவாகச் சொன்னேன்.

"நோன் மீ பியாச்சே."

"பொண்ணு இன்னா சொல்லுது?" என்றார் பையனின் அம்மா.

"தண்ணி கேக்குது" என்றார் அண்ணி. தட்டை அப்படியே ஸ்டூல் மேல் வைத்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "அத்த, எனக்குப் பிடிக்கல."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை.

"உனக்கா?" என்றார் பையனின் மாமா. "உனக்கு எதுக்கும்மா பிடிக்கணும்? நீயா கட்டிக்கப் போற?"

"இந்த வீட்டு மருமக நான். நாளைக்கு வரிசத் தட்டத் தூக்கிக்கிட்டு உங்க வாசப்படி ஏறப் போறது நான்தான். எனக்குப் பிடிக்கலைங்க. மூஞ்சிக்கு நேராதான் சொல்றேன், மன்னிச்சிக்குங்க."

"ஏய், உள்ள போ" என்று அண்ணன் எழுந்துவிட்டார்.

அண்ணி போகவில்லை. என் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். பாயின் ஓரத்திலிருந்து இத்தாலிக்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, தினமும் தட்டைத் தள்ளிவிட்டுச் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"எனக்கும் பிடிக்கல!"

பையன் வீட்டார் பழத்தைக்கூடத் தொடாமல் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அண்ணன் பல மாதம் அண்ணியோடு பேசவில்லை. "உங்க அண்ணிகிட்ட சொல்லு, எனக்குச் சோறு போதும்னு" என்று பக்கத்தில் இருப்பவரிடமே என் வழியாகச் சொல்வார். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். நாத்தனார் போய்விட்டால் வீட்டு வேலைக்கு ஆள் கம்மியாகிவிடும் என்றுதான் நல்ல இடத்தைக் கெடுத்தாள் என்று பேசினார்கள். கோயிலில் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு. முதுகுக்குப் பின்னால் பேசுவதை வெறுத்தவருக்கு ஊர் முழுக்க முதுகுக்குப் பின்னால்தான் பேச்சு. அத்தனையையும் கேட்டுக்கொண்டாரே தவிர, "அவளுக்குத்தான் பிடிக்கல" என்று என்னைக் காட்டி ஒரு வார்த்தை, அண்ணனிடம்கூட, சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேரையும் அந்த இத்தாலிக்காரம்மாவையும் தவிர அது யாருக்கும் தெரியாது.

எனக்குத் தாங்கவில்லை. துணி துவைக்கும்போது ஒரு நாள் கேட்டேன். "நீங்க ஏன் அண்ணி உங்களுக்குப் பிடிக்கலைன்னு சொன்னீங்க? எனக்குப் பிடிக்கலைன்னே சொல்லியிருக்கலாமே?"

அண்ணி போர்வையின் ஒரு முனையை என் கையில் கொடுத்து முறுக்கச் சொன்னார்.

"உனக்குப் பிடிக்கலைன்னு சொன்னா, வாய் ஜாஸ்தின்னு அடுத்தவன் வரமாட்டான். எனக்குப் பிடிக்கலைன்னா இன்னா பண்ணுவாங்க? எனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். போர்வைத் தண்ணீர் எங்கள் காலில் கொட்டியது.

நிஜமாகவே அடுத்தவர் வரக் கொஞ்ச காலம் ஆனது. அதற்குள் இத்தாலிக்காரம்மா ஊருக்குப் போய்விட்டார். வேங்கிக்கால் பக்கம் புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் வந்தது. இந்தத் தடவை அண்ணன் முன்பே அண்ணியைப் பார்த்து, நேரடியாக, "வாயத் தொறக்காத" என்று சொல்லியிருந்தார். வெகு நாளுக்குப் பிறகு அவர் அண்ணியிடம் பேசிய முதல் வார்த்தை அது. அண்ணிக்கு அதிலும் சந்தோஷம்தான்.

பையன் என்னைவிடக் கூச்சப்பட்டார். காபியை ஒரு வாய் குடித்தார். "நல்லாருக்கா தம்பி?" என்று கேட்டார் என் அம்மா.

"சக்கர கொஞ்சம் ஜாஸ்திங்க" என்றார் அவர்.

பக்கத்தில் இருந்த அவர் அம்மா முழங்கையால் இடித்தார். அண்ணன் முகம் மாறியது. சர்க்கரை போட்டது நான்தான். வாசற்படியில் நின்ற அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். துணிக்கடையில் மனசுக்குப் பிடித்த புடவை கிடைத்தால் வருகிற அந்த வெளிச்சம் அதில் வந்திருந்தது. கூட்டத்தில் பெண் பார்க்க வந்து உட்கார்ந்துகொண்டு, முகத்துக்கு நேராக ஒருவன் சொல்கிறான்!

எனக்கும் பிடித்துவிட்டது.

பெரியவர்கள் பேசி முடித்தார்கள். தட்டை எடுக்கச் சொன்னார்கள். அண்ணி தட்டோடு வந்தார். வாயைத் திறக்கக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்ததால், என் பக்கத்தில் குனிந்து, பூவைச் சரி செய்கிற மாதிரி காதோரம் மட்டும் கேட்டார்.

"தீ பியாச்சே?"

ஒளிந்துகொள்ள எனக்கு ஓர் இடம் கொடுத்துத்தான் கேட்டார். அந்தப் பாஷையிலேயே முணுமுணுத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் எனக்காக ஒரு முறை எல்லார் முன்னாலும் பிடிக்கவில்லை என்று சொல்லி, அதற்காக அத்தனை காலம் பேச்சு வாங்கியவர் எதிரே நிற்கிறார். நான் தலையை நிமிர்த்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"எனக்குப் பிடிச்சிருக்கு."

கூடம் முழுக்கக் கேட்டது. பையனின் அப்பா வெற்றிலையை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். சர்க்கரை ஜாஸ்தி என்றவர் மட்டும் காபி டம்ளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணி தட்டை அண்ணன் கையில் கொடுத்தார்.

"நல்லா கேட்டுக்குங்க" என்றார். "இந்தத் தடவ நான் ஒண்ணும் சொல்லல."